வேலை நேரம் குறைந்தால் ஊதியமும் குறையுமோ?

புது தில்லியில் மந்திர் மார்க் என்னும் வீதி தமிழருக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் காலத்தில் ரீடிங் ரோடு எனப் பெயர் பூண்டிருந்த இவ்வீதியில்தான், 1939-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்துவைத்த இலட்சுமி நாராயணர் கோயில் நிற்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்திவரும் பள்ளிகளுள் ஒன்றும் இங்கேதான் உள்ளது. பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்து நிற்கும் பெற்றோரிடையே நெல்லையும் தஞ்சையும் கோவையும் ஒருங்கே பேசும். ஊரில் மழை பெய்ததா, ரயிலில் இடம் கிடைத்ததா என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் உத்தியோகத்தில் வந்து முடியும்.

அண்மையில் அத்தகைய பேச்சொன்றில் நாமும் கலந்துகொண்டோம். ஒரு விற்பனை நிலையத்தில் ஏழு ஆண்டுகளாகக் கணக்கெழுதி வரும் நண்பர் ஒருவர் முகம் வாடி நின்றார். "ஐயா, அடுத்த மாதம் முதல் மதியம் வரை வந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சம்பளமும் பாதிதானாம். வியாபாரம் மந்தம் என்கிறார். பெரிய ஆலையாக இருந்தால் சங்கம் உண்டு, சட்டம் உண்டு. இருபது பேர் வேலை செய்யும் கடைக்குச் சட்டம் ஏது? ஊருக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வரலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

அவர் சொன்னவற்றுள் இரண்டு பிழைகள் இருந்தன. சிறிய கடைக்குச் சட்டம் இல்லை என்று எண்ணியது ஒன்று. இந்நேரத்தில் ஊருக்குப் போகலாம் என்று எண்ணியது மற்றொன்று. இவ்விரண்டும் பிற மாநிலங்களில் உழைத்து வாழும் நம்மவர் பலரிடம் காணப்படுபவையே. ஆதலின் வேலை நேரத்தைக் குறைக்கும் உரிமை யாருக்கு, எந்த அளவில் உண்டு என்பதை இங்குச் சற்று விரிவாக ஆராய்வோம்.

வேலை நேரத்தைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கிய காலத்தில் தொழிலாளியின் துன்பம் வேறு வகையானது. பொழுது புலருமுன் ஆலைக்குள் நுழைந்து இருட்டிய பின் வெளியேறிய காலம் அது. 1919-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே வேலை நேரத்துக்கு வரம்பு கட்டுவதுதான். இந்தியா அதனை 1921-இல் ஏற்றுக்கொண்டது. தில்லியில் 1954-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கடைகள், நிறுவனங்கள் சட்டமும் அம்முறையைப் பின்பற்றி, வயது வந்த சிப்பந்திக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று எல்லை வகுத்தது. ஆனால் இவையெல்லாம் மேல் எல்லைகள். இதற்கு மேல் வேலை வாங்காதே என்று அவை முதலாளிக்குச் சொல்லுகின்றன. இத்தனை மணி நேரமாவது வேலை கொடு என்று சொல்லவில்லை. அப்படியானால் கீழ் எல்லை எங்கே இருக்கிறது? அது முதன்மையாக உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஒப்பந்தம் என்றவுடன் முத்திரைத்தாளும் சாட்சிக் கையெழுத்தும் நினைவுக்கு வரவேண்டா. வேலையில் சேர்ந்த நாளில் கொடுத்த நியமனக் கடிதம் ஒப்பந்தம். கடிதமே இல்லையெனினும், "மாதம் இவ்வளவு சம்பளம், காலை பத்து முதல் மாலை ஏழு வரை வேலை" என்று வாய்மொழியாகப் பேசி, அதன்படி ஆண்டுக்கணக்கில் நடந்துவந்ததும் ஒப்பந்தமே. சம்பளச் சீட்டும், வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வரவான தொகையும், வருகைப் பதிவேடும் அதற்குச் சாட்சி கூறும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், இரு தரப்பாரும் இசைந்தாலே ஒப்பந்தத்தை மாற்றலாம் என்னும் நெறியின்மேல் நிற்பது. மாதச் சம்பளம் பேசி அமர்த்தியவரிடம், "இனி அரை நாள், அரைச் சம்பளம்" என்று ஒருவர் மட்டும் சொல்லிவிடுவதால் ஒப்பந்தம் மாறிவிடாது. அஃது ஒரு வேண்டுகோள் மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் ஊழியரின் உரிமை.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இசைவு என்பது வாயால் சொன்னால்தான் இசைவு என்பதில்லை. நடத்தையாலும் அது வெளிப்படலாம். குறைந்த சம்பளத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் ஆறு மாதம் வாங்கிக்கொண்டவர், பின்னர் வழக்குத் தொடுக்கும்போது, "இவர் இசைந்துதானே வேலை பார்த்தார்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஆகவே மௌனம் இங்கே பெருமையன்று. அதனால் பொருளிழப்பு நேரும்.

இனி, வியாபாரம் உண்மையாகவே நொடிக்கிறது, மின்சாரம் இல்லை, சரக்குத் தேங்கிவிட்டது என்னும் நிலைக்கு வருவோம். முதலாளியின் குற்றமின்றியே வேலை இல்லாமற் போகும் இந்நிலையை லே-ஆப் என்று வழங்குகிறார்கள். ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதன்று இது. அவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். வேலை மட்டும் தற்காலிகமாகக் கொடுக்கப்படமாட்டாது. சரக்குத் தேங்கி நெசவாலைகள் திணறிய 1953-ஆம் ஆண்டில், 1947-ஆம் ஆண்டின் தொழிற் தகராறுச் சட்டத்தில் திருத்தம் செய்து, அவ்வாண்டு அக்டோபர் 24 முதல் இதற்கு இழப்பீடு உண்டென்று விதித்தார்கள். அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. லே-ஆப் பற்றிய அடிப்படை விதிகள் அதிலும் தொடருகின்றன.

அவ்விதிகளைச் சுருக்கமாகக் காண்போம். நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் வேலை கொடுக்க இயலாது போவதே லே-ஆப். குறித்த நேரத்தில் ஊழியர் வந்து நின்று, இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கப்படாவிட்டால், அன்று அவர் லே-ஆப் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். "இப்பொழுது வேலை இல்லை, ஷிப்டின் பிற்பாதியில் வா" என்று சொல்லி, வந்ததும் வேலை கொடுத்தால், அந்த நாளில் பாதியே லே-ஆப். பிற்பாதியில் வரச் சொல்லிவிட்டு, வந்த பின்னரும் வேலை கொடுக்காமற் போனால், அப்பிற்பாதிக்கு முழு ஊதியமும் பஞ்சப்படியும் கொடுத்தாக வேண்டும். ஊழியரின் பொழுதை வீணடிப்பதற்கும் விலை உண்டு என்று சட்டம் கருதியது குறிப்பிடத்தக்கது.

ஐம்பது பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள ஆலைகளில், ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு, லே-ஆப் நாள்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். வார விடுமுறை நாள்களுக்கு அது இல்லை. ஓராண்டுக் காலத்தில் நாற்பத்தைந்து நாளுக்கு மேற்பட்ட லே-ஆப்புக்கு இழப்பீடில்லை என்று இரு தரப்பாரும் உடன்பாடு செய்துகொள்ளவும் இடமுண்டு. ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். மாதம் 26 வேலை நாள், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக 26,000 ரூபாய் பெறும் ஒருவர் பன்னிரண்டு வேலை நாள் லே-ஆப் செய்யப்பட்டால், அந்நாள்களுக்குரிய ஊதியம் 12,000 ரூபாய். அவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடு 6,000 ரூபாய்.

"நம் நிறுவனத்தில் ஐம்பது பேர் இல்லையே, நமக்கு இந்தப் பாதியும் இல்லையே" என்று சிலர் மனம் தளர்வார்கள். நம் நண்பரின் முதற்பிழை இதுதான். இதற்கு விடை கூறும் வழக்கொன்று இத்தில்லி மாநகரிலேயே பிறந்தது.

பயர்ஸ்டோன் என்னும் டயர் கம்பெனியின் தொழிற்சாலை பம்பாயில் இருந்தது. தில்லியில் அதற்கு விநியோக அலுவலகம் ஒன்று இருந்தது. 1967-ஆம் ஆண்டில் பம்பாய்த் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நிகழ, தில்லிக்கு டயர் வரத்துக் குன்றிற்று. ஏறத்தாழ முப்பது பேர் பணிபுரிந்த தில்லி அலுவலகத்தில் பதினேழு பேரை 1968 பிப்ரவரி மாதத்தில் கம்பெனி லே-ஆப் செய்தது. ஏப்ரல் மாதத்தில்தான் அவர்கள் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். இடைப்பட்ட நாள்களுக்கு ஊதியமும் இல்லை, இழப்பீடும் இல்லை. ஐம்பது பேர் இல்லாத இடமாதலின் சட்டப்படி இழப்பீடு கேட்கவும் அவர்களால் இயலவில்லை. தொழில் தீர்ப்பாயம் அவர்களுக்குப் பரிகாரம் அளிக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

1976-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நம் கவனத்துக்குரியது. லே-ஆப் செய்யும் அதிகாரம் முதலாளிக்கு இயல்பாகவே பிறப்பதன்று. சட்டத்திலோ, நிலையாணைகளிலோ, ஊழியரோடு செய்த ஒப்பந்தத்திலோ அதற்கு இடமிருக்க வேண்டும். லே-ஆப் என்பதன் பொருளை வரையறுத்தும், அதற்கு இழப்பீடு இவ்வளவு என்று கூறியும் சட்டம் அமைந்திருப்பதனாலேயே அந்த அதிகாரம் வந்துவிடாது. அதிகாரமின்றி ஊழியரை வீட்டுக்கு அனுப்பினால் அஃது ஒப்பந்த மீறலாகும். இழப்பீட்டு விதி பொருந்தாத சிறிய அலுவலகத்திலும் ஊழியர் வெறுங்கையுடன் நிற்க வேண்டியதில்லை. இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரிய ஆலையில் நிலையாணைகள் முதலாளிக்கு லே-ஆப் அதிகாரத்தைக் கொடுக்கின்றன. சட்டம் ஊழியருக்குப் பாதியைக் கொடுக்கிறது. நிலையாணை இல்லாத சிறிய கடையிலோ, நியமனக் கடிதத்தில் அத்தகைய ஷரத்து இல்லையென்றால் அதிகாரமே இல்லை. ஒப்பந்த ஊதியத்தைக் கேட்பதற்கு ஊழியருக்கு இடமுண்டு. ஆட்கள் குறைவாக இருப்பதால் உரிமையும் குறைந்துவிடும் என்பது தவறு. உரிமை இருக்கும் இடம் வேறாகிறது. அங்கே சட்டப் புத்தகத்துக்கு முன் நியமனக் கடிதத்தைப் புரட்ட வேண்டும்.

முதலாளி கதவை மூடும்பொழுதெல்லாம் அது லே-ஆப் ஆகிவிடாது என்பதையும் அறிதல் வேண்டும். நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் கைர்பெட்டா எஸ்டேட் என்னும் தோட்டத்தில் 1957-ஆம் ஆண்டில் மேலாளர் தாக்கப்பட்டதை அடுத்து, தோட்டத்தின் ஒரு பகுதி சில வாரம் மூடப்பட்டது. அந்நாள்களுக்கு லே-ஆப் இழப்பீடு வேண்டுமெனத் தொழிலாளர்கள் கோரினர். 1960-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வேலை கொடுக்க இயலாமை வேறு, தகராற்றின் நடுவே கதவை அடைத்தல் வேறு. இது கதவடைப்பு, லே-ஆப் அன்று என்று தீர்ப்பளித்தது. கதவடைப்பில் எழும் கேள்வி, அது சட்டப்படி நியாயமானதா என்பதே. எனவே என்ன காரணத்தால் வேலை இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது இன்றியமையாதது. காரணத்தைப் பொறுத்தே உரிமை அமையும்.

நேரக் குறைப்பு சில நாள் நிகழ்ச்சியாக இல்லாமல் நிலையான மாற்றமாக வருமானால், மற்றொரு காப்பும் உண்டு. ஊதியம், வேலை நேரம், இடைவேளை முதலிய பணி நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற விரும்பும் முதலாளி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள் கழியாமல் மாற்றத்தைச் செய்தலாகாது. முந்தைய சட்டத்திலிருந்த இவ்விதி புதிய தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. விதிவிலக்குகள் சில உண்டெனினும், பொது நெறி இதுவே. அந்த இருபத்தொரு நாளும் ஆட்சேபம் தெரிவிப்பதற்கும், தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் முறையிடுவதற்கும் கிடைத்த காலமாகும். அதனைக் கவலைப்பட்டே கழித்துவிடுதல் கூடாது.

சம்பளப் பிடித்தம் பற்றியும் ஒரு சொல். ஊழியர் வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம் செய்யலாம் என்று 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் கூறியது. அதன் இடத்தில் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் கூறுகிறது. ஆனால் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, "வரவில்லை" என்று எழுதுவது வராமையாகாது. நாள் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட தொழிலில் இருப்பவர், தம் விருப்பமின்மையால் அன்றி, முதலாளி வேலை கொடுக்காததால் குறைந்த நேரம் உழைத்தாராயின், முழு நாள் ஊதியத்துக்கு உரியவர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்நெறி புதிய தொகுப்பிலும் இருக்கிறது. கட்டட வேலை செய்வோரும் பட்டறைகளில் நாட்கூலி பெறுவோரும் இதனை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

இனி நண்பரின் இரண்டாம் பிழைக்கு வருவோம். வேலை இல்லை என்றவுடன் மூட்டை கட்டிக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறுவது நம்மவர் வழக்கம். வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் லே-ஆப் இழப்பீடு வேண்டுமாயின், ஊழியர் நாள்தோறும் ஒரு முறையாவது குறித்த வேளையில் பணியிடத்தில் வந்து முகம் காட்ட வேண்டும் என்பது விதி. வராத நாளுக்கு இழப்பீடு இல்லை. அது மட்டுமன்று, சொல்லாமல் ஊர் சென்றவரை, "தாமாகவே வேலையை விட்டுப் போனார்" என்று எழுதிவிடுவதும் எளிது. உள்ளூர்க்காரர் வீட்டிலிருந்து நடந்து வந்து கையெழுத்திட்டுச் செல்வார். ஆயிரம் மைலுக்கு அப்பால் சென்றவர் என் செய்வார்? ஆகவே பிற மாநிலத்தில் வாழும் தமிழருக்கே இவ்விதியால் இடர் மிகுதி. ஊர் செல்லுதல் தவிர்க்க இயலாததாயின், எழுத்தில் விடுப்புக் கேட்டு, ஒப்புதல் பெற்றுச் செல்ல வேண்டும்.

ஊழியர் செய்ய வேண்டியவை பிறவும் உள. நேரக் குறைப்பு ஆணையை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், "இன்ன நாளில் இன்னவாறு சொன்னீர்கள், இதற்கு நான் இசையவில்லை, முழு நேரமும் வேலை செய்ய ஆயத்தமாக இருக்கிறேன்" என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ போதும். இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுத வராதவர், எழுதத் தெரிந்த நண்பரின் துணையை நாடலாம். நாணுவதற்கு இதில் ஒன்றுமில்லை. குறைந்த சம்பளத்தை வாங்க நேர்ந்தால், பாக்கிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளிலும், படித்தறியாத தாளிலும் கையெழுத்திடாதீர்கள். நியமனக் கடிதம் இல்லாதவர் அதனைக் கேட்டு வாங்குதல் வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களில் அதனைத் தருவது இப்பொழுது சட்டக் கடமை.

ஊதியப் பாக்கிக்கான மனுவை மூன்றாண்டுக்குள் கொடுக்கலாம் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு காலம் வகுத்திருக்கிறது. ஆயினும் சான்றுகள் அழியுமுன் செல்வதே அறிவுடைமை. தில்லியில் பணிபுரிவோர்க்குத் தொழிலாளர் துறையின் தலைமை அலுவலகம் சியாம்நாத் மார்க்கில் இருக்கிறது. ஆலைத் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்துள்ளது. கடைகளைப் பற்றிய சட்டம் மாநிலந்தோறும் வேறுபடுவதால், பம்பாயிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர் அவ்விடத்துச் சட்டத்தையே பார்க்க வேண்டும். சொந்த ஊர்ச் சட்டம் அங்கே துணை வாராது.

முதலாளியின் பக்கத்து நியாயத்தையும் நாம் மறுக்கவில்லை. கடை மூடினால் அனைவர்க்கும் இழப்பு. ஜெர்மனியில் தொழில் மந்தமாகும்போது வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த நிகர ஊதியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை, குழந்தை உள்ளவர்க்கு அறுபத்தேழு பங்கை, காப்பீட்டு நிதியிலிருந்து கொடுக்கும் ஏற்பாடு உண்டு. நட்டத்தை முதலாளி, ஊழியர், சமுதாயம் மூவரும் பகிர்ந்துகொள்ளும் முறை அது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, முழு ஊதியம் கொடுக்க வேண்டுமென மார்ச் 29-இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஆணை மே 18 முதல் நீங்கியது. எஞ்சிய பிணக்குகளை இரு தரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் ஜூன் 12-இல் வழி காட்டிற்று. பேசித் தீர்ப்பது நல்ல வழியே. ஆனால் பேச்சு எழுத்தில் முடிய வேண்டும். எத்தனை மாதத்துக்கு நேரக் குறைப்பு, எவ்வளவு ஊதியம், எந்த நாளில் பழைய நிலை திரும்பும் என்பவை அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். முடிவு நாள் இல்லாத தற்காலிகம் நாளடைவில் நிரந்தரமாகிவிடும்.

நம் நண்பர் தம் பழைய நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து வந்தார். அதில் மாதச் சம்பளமும் வேலை நேரமும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன. வேலை இல்லாத நாளில் ஊதியத்தை நிறுத்தலாம் என்னும் ஷரத்து எங்கும் இல்லை. ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் பத்து மணிக்குக் கடைக்குச் சென்று, ஒரு பக்கக் கடிதத்தை முதலாளியிடம் பணிவோடு கொடுத்தார். முடிவு என்னவாகும் என்று இதை எழுதும்போது நாம் சொல்ல இயலாது. ஆனால் இனி எந்த முடிவு வந்தாலும், அவர் இசைந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. உழைப்பவரின் கையிலுள்ள முதற்பெரும் பொருள் அவருடைய இசைவு. அதனை அறியாமல் கொடுத்துவிடாதிருப்போமாக.